வியாழக்கிழமை லோரி

1927 ஜூன் 9, வியாழக்கிழமை. ஈப்போவில் ஒரு மோட்டார் பட்டறையில், தோட்டத்து லோரி ஒன்றின் விரிசல் விட்ட புகைக்குழாய் கழற்றப்பட்டது.

கழற்றியவர் மெக்கானிக் லூர்துசாமி. பக்கத்தில் குந்தியிருந்தவன் லோரியின் டிரைவர் பத்துமலை.

"எதையாவது மாட்டிக்கிட்டு வான்னு துரை சொல்லிட்டாரு. நீங்க சத்தமே இல்லாததா பாத்துக் குடுங்கண்ணே."

லூர்துசாமி நிமிர்ந்து பார்த்தார். லோரிக்காரர்கள் யாரும் அப்படிக் கேட்பதில்லை. மூலையில் கிடந்த குட்டையான குழாய் ஒன்றைக் காலால் உருட்டிவிட்டார்.

"இத பாரு மச்சான். ஈயம் தோண்டுற லம்பத்து லோரியில கழட்டுனது. உள்ள புகை தங்காது, மேட்டுல பிச்சுக்கிட்டு ஏறும். நீ வாரது தோட்டம் பூரா கேக்கும்லா."

"கேக்கக் கூடாதுண்ணே."

"ஏன், யாருக்குப் பயந்து ஓடுற? கங்காணிக்கா, பொண்டாட்டிக்கா?"

பத்துமலை குழாயைத் திருப்பித் தள்ளிவிட்டான்.

அவன் மனைவி இருளாயி தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தாள். போன வருடம் குழந்தை காய்ச்சலில் இறந்த பிறகு மனம் கலங்கிப்போனவள். இப்போது தேறி வந்தாள்.

அங்கே வேலை செய்யும் லூயிஸ், போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனவனைத் தனியே அழைத்துச் சொன்னான்.

"அக்கா நல்லாத்தாண்ணே இருக்கு. துணி மடிக்குது, செடிக்குத் தண்ணி ஊத்துது. வியாழக்கிழமைதான் கெடுக்குது. எவனோ ஒரு லோரிக்காரன், வேலிகிட்ட அந்த வளைவுக்கு வந்ததும் வேணும்னே முறுக்குறான். அதக் கேட்டதும் ஓடிப் போயி கம்பியைப் புடிச்சுக்கிட்டு அழுவுது. அப்புறம் சோறு எறங்கல. இந்த அழுகை நிக்கட்டும், வீட்டுக்கு அனுப்பிரலாம்னு டாக்டர் சொல்றாரு. அந்தப் பய மட்டும் என் கையில மாட்டட்டும்!"

பத்துமலை தலையை ஆட்டினான்.

வியாழக்கிழமைதோறும் ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு அந்த வழியாக ஈப்போவுக்குப் போவது அவன்தான்.

சரக்கு லோரியை வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது என்பது துரையின் உத்தரவு. அதனால் அந்த வளைவில் ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் கம்பியை இழுத்து எஞ்சினை ஒரு முறை உறும விடுவான். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்ல அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்று காலை கம்பியைத் தொடாமல்தான் வந்தான். விரிசல் விட்ட குழாய் தானாகவே கத்தியது. கண்ணாடியில் பார்த்தான். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லூர்துசாமி உள்ளே போய் நீளமான குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். நடுவில் பீப்பாய் போல ஒரு சைலன்சர். மாட்டி எஞ்சினை ஓடவிட்டார்.

பத்துமலை சாலையைக் கடந்து, எதிரே இருந்த கோப்பிக்கடைக்கும் அப்பால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சாலைக்கும் ஆஸ்பத்திரி வேலிக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்.

திரும்பி வந்தான்.

"பொகை சத்தம் இல்ல. ஆனா முன்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு உறிஞ்சுறது கேக்குது."

"அது எஞ்சின் மூச்சு மச்சான். காத்து போற வாய் அகலம், அதான்."

"சின்ன வாயா மாட்டுங்க."

"பின்னால பொகையையும் அடைச்சு, முன்னால மூச்சையும் அடைச்சா, மேட்டுல செத்துரும்லா. துரை என்னைத்தான் ஏசுவாரு."

"பாதிச் சரக்க எறக்கி வச்சுட்டு ரெண்டு நடையா ஏத்திக்கிறேன். மாட்டுங்கண்ணே."

லூர்துசாமி கையைத் துடைத்துக்கொண்டார். வாய் குறுகிய காற்றுக்குழாய் ஒன்றைத் தேடி எடுத்தார். அதன் முனையில் ஒரு சிறிய தகரப் பெட்டியைப் பொருத்தி, உள்ளே கம்பளித் துண்டை வைத்து மூடினார்.

பத்துமலை மறுபடியும் சாலையைக் கடந்து போய்த் திரும்பி நின்றான்.

கோப்பிக்கடையில் மங்குக் கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்டது. யாரோ சீன மொழியில் சண்டை பிடித்தார்கள். ஒரு ரிக்‌ஷாவின் மணி. அவன் வெகுநேரம் காத்திருந்தான்.

பின்னால் வந்து லூர்துசாமி தோளைத் தட்டினார்.

"எப்ப ஸ்டார்ட் பண்ணப் போறீங்க?" என்றான் பத்துமலை.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அதன் பிறகு வந்த வியாழக்கிழமைகளில், வளைவு நெருங்கும்போது பத்துமலை இரண்டு கைகளையும் ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டான். ஒரு நாள் இருளாயி வேலிக்கு அருகிலேயே நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். லோரி அவள் முதுகுக்குப் பின்னால் கடந்து போனது.

ஆகஸ்டில் ஒரு காலை அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

துரை அன்று ஒரு நாளைக்கு லோரியைக் கொடுத்திருந்தார். எஞ்சின் சத்தமில்லாமல் ஓடியபடி அது வாசலில் நின்றது.

இருளாயி துணி மூட்டையுடன் வெளியே வந்தாள். லோரியைக் கடந்து நடந்தாள். வளைவின் ஓரத்தில் போய் நின்று, பழைய உறுமலுக்குக் காது கொடுத்தபடி, தோட்டத்திலிருந்து வரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்துமலை இறங்கிப் போய் மூட்டையை வாங்கிக்கொண்டான்.