நாளைக்கு வாத்தியார்

இது நான் நேரில் பார்த்ததில்லை. கோடைக்கானலில் உருளைக்கிழங்கு லாரி ஓட்டும் சேனாதிபதி சொன்னது.

போன தை மாதம் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடின அல்லவா? உலகம் அழியப்போகிறது என்று மேல்மலையிலுள்ள போளூர் கிராமத்துக்காரர்கள் ஊர்க்கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். கிரகங்கள் பிரியும்வரை யாரும் எல்லை தாண்டக்கூடாது.

கிரகங்கள் கூடிய அன்று காலையில்தான் அந்த ஊர் வீரம்மாளுக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. டோலியில் தூக்கிப்போய் லாரி ரோட்டில் சேர்த்தால்தான் கோடை ஆஸ்பத்திரி. தூக்க ஆள் வரவில்லை.

சயின்ஸ் வாத்தியார் குமாரவேல் ஒருவர்தான், “ஒண்ணும் ஆகாது” என்று ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தவர். வீரம்மாளின் புருஷன் செல்லப்பாண்டி அவரைச் சாவடிக்கு இழுத்து வந்தான்.

“ஆகாதுன்னு நீங்க சொல்லுவீங்க சார். எட்டும் சேர்ந்து இழுத்தா மலை நிக்குமா?” என்றார் ஊர்ப்பெரியவர் வேலுமணி.

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார்.

“நிக்காது.”

சாவடியில் எல்லாரும் திரும்பிப் பார்க்க, வாத்தியார் மேலே பேசினார்.

“நிலா இழுத்தே கடல் பொங்குது. எட்டும் இழுத்தா என்னாகும்? ஆனா அந்த இழுப்பு அங்கிருந்து இங்க வரணும்ல? அம்புட்டுத் தூரம்! இன்னைக்குக் கூடினா நாளைக்கு உச்சிக்குத்தான் வந்து சேரும். அதுக்குள்ள போயிட்டு வந்துரலாம். வெரசா தூக்குங்க!”

“பாத்தியாலே, வாத்தியாரே ஒத்துக்கிட்டாரு!” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

நாலு பேர் டோலிக்குத் தோள் கொடுத்தார்கள். ரோட்டில் சேனாதிபதியின் லாரி ஏற்றிக்கொண்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் உச்சிப்பொழுது வந்தது, போனது. மலை அப்படியே நின்றது.

“அதிலேருந்து ஊர்ல அவரு பேரே நாளைக்கு வாத்தியார்தான்” என்று சேனாதிபதி சிரித்தார். “பயலுக பாடத்துல ஏதும் கேட்டாக்கூட, ‘இது நாளைக்கு உச்சிக்கா சார்?’ங்கிறானுக. பி.எஸ்.சி. படிச்ச மனுசன், ஒரு கணக்குத் தெரியலையே தம்பி!”

“அவர் ஒண்ணும் சொல்றதில்லீங்களா?”

“என்னத்தச் சொல்ல? கூடச் சேர்ந்து சிரிக்கிறாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் பி.எஸ்.சி.தான், எங்கள் வீட்டுக்கே முதல் பட்டம். நாளை என்னிடமும் இப்படி ஏதாவது கேட்டால்? அந்தப் பயத்தில் மதுரைக்குப் போனபோது நூலகத்தில் தேடிப் பார்த்தேன்.

ஈர்ப்பும் ஒளியின் வேகத்தில்தான் வருமாம். இதுவரை யாரும் அளந்ததில்லை; கணக்கு அப்படிச் சொல்கிறது. எட்டும் கூடினாலும் கடலுக்கு அது வழக்கமான ஓர் அமாவாசைதான். கூடியவற்றில் மிகத் தொலைவில் உள்ள சனியின் இழுப்பே ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும்.

மறுநாள் உச்சிவரைக்குமான மீதிப் பொழுதை வாத்தியார்தான் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார்.