உட்கார்ந்த இடத்துக்கு

"பேப்பர் எங்கே?" என்று அதட்டினார் மாமனார்.

"வாசல்ல கிடக்கு. போய் எடுத்துக்குங்க மாமா," என்றாள் மருமகள்.

"காபி?"

"அடுப்படியில ஆறுது."

"நீயெல்லாம் ஒரு மருமகளா?"

கத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனைத் தையல்கடைக்கு விறுவிறுவென்று போனார்.

"கல்நெஞ்சக்காரி! உட்கார்ந்த இடத்துக்கு ஒரு வாய் தண்ணி வராது," என்று நண்பரிடம் எண்ணெயில் போட்ட கடுகாய்ப் பொரிந்தார்.

தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"அது கிடக்கட்டும். இந்த வயசுல இடுப்பெலும்பு முறிஞ்சு, இனி கட்டிலே கதின்னு கிடந்தவன்தானே நீ? கைத்தடிகூட இல்லாம எப்படிய்யா நடந்து வந்தே?"

அவர் தன் வெறுங்கையைப் பார்த்தார்.

"அதையும் அவதான் ஒளிச்சு வச்சிருப்பா!" என்று சீறிக்கொண்டே திரும்பினார்.

நாலடி பின்னால், அவருடைய கைத்தடியைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றிருந்தாள் மருமகள்.