கோடு சேரும் இடம்

வேன் எடுக்க இன்னும் நேரம் இருந்தது. பள்ளி வேன் டிரைவர் தன் வீட்டுக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, காலி மதுப் பாட்டில் ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். பள்ளியின் வண்டிகளைக் கவனிக்கும் சூப்பர்வைசர் நின்றிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் எதிர்வீட்டு அக்கா.

டிரைவருக்கு உடம்பே கூசிப்போனது. கையில் இருந்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். காலடியில் வாளி நிறையக் கிடந்த பாட்டில்களை எதைப் போட்டு மறைப்பது?

"வாடை போயிடுச்சான்னு பார்த்தேன் சார். தெருவுல குடுத்த பாட்டிலை வெட்டி மெழுகுவர்த்தி ஸ்டாண்டு செய்யறேன்."

"ஆமா சார், ஊரெல்லாம் கரண்டு போனாலும் இவங்க வீட்டுல மட்டும் பொழுதே சாயாது," என்றாள் அக்கா. "தெருவுல குடுத்த பாட்டில்னு சொல்றீங்களேண்ணே, நான் குடுத்தது ஒரே ஒரு ஜாம் பாட்டில். மத்ததெல்லாம் வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"



"புகார் வந்திருக்கு," என்றார் சூப்பர்வைசர். "குழந்தைங்களை ஏத்திட்டுப் போற வண்டி. ஒளிக்காம சொல்லுங்க, குடிப்பீங்களா?"

"தொட்டதே இல்ல சார்."

"அப்ப இத்தனை பாட்டில் யார் குடுத்தது?"

 டிரைவர் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

மனைவி உள்ளேயிருந்து தட்டில் டீ கொண்டு வந்தாள். கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. டிரைவர் பாய்ந்துபோய்த் தட்டை வாங்கிக்கொண்டார். "பயந்துட்டா சார்," என்றார். அவள் கைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு சமையலறைக் கதவோரம் போய் நின்றாள்.

சூப்பர்வைசர் டீயைத் தொடவில்லை. "எத்தனை டிரைவரைப் பார்த்திருக்கேன். வாயை மோந்து பார்க்கறதெல்லாம் வீண். வாடை விடிஞ்சா போயிடும், கை நடுக்கம் போகாது. எங்க, கையை நீட்டுங்க."

"சும்மா நீட்டினா என்ன தெரியும் சார்? ஒண்ணு வெட்டிக் காட்டறேன்."

ஒரு பாட்டிலை மரக்கட்டையின் பள்ளத்தில் கிடத்தினார். கண்ணாடியைக் கீறும் சின்னச் சக்கரம் கட்டையோடு இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. அது நகராது, பாட்டிலைத்தான் உருட்ட வேண்டும்.

"ஒரே சுத்துதான் சார். அழுத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கை ஒரு நூல் அசைஞ்சாலும் கோடு புறப்பட்ட இடத்துக்கு வராம பக்கத்துல போய் நிக்கும். மறுபடி ஓட்டிச் சரி பண்ணவும் முடியாது. விரிசல் அது இஷ்டத்துக்கு ஓடிடும்." வேலையைப் பற்றிப் பேசப் பேசக் குரல் தெளிந்தது. "நாம கண்ணாடியை உடைக்கறதே இல்ல. எந்த வழியா உடையணும்னு சொல்றோம், அவ்வளவுதான்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினார். கோடு முழுச் சுற்றும் வந்து, தொடங்கிய புள்ளியில் சேர்ந்தபோது 'டிக்'கென்று ஒரு சின்னச் சத்தம். கோட்டின் மேல் கெட்டிலிலிருந்து வெந்நீர், பிறகு குழாயின் குளிர்நீர், மறுபடி வெந்நீர். பாட்டில் தானாகவே இரண்டாகப் பிரிந்தது.

சூப்பர்வைசர் விளிம்பைத் தடவப் போனார்.

"ஐயோ, தொட்டுடாதீங்க. இன்னும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கல. கையை அறுத்துடும்."

கையை இழுத்துக்கொண்ட சூப்பர்வைசர், கண்மட்டத்துக்குக் குனிந்து பார்த்தார். விளிம்பு நூல் பிடித்ததுபோல் இருந்தது. "இந்தக் கை குடிக்கிற கை இல்லம்மா," என்றார் அக்காவிடம்.

"நான் என்னத்தைக் கண்டேன்? தெருவுல பேசிக்கிட்டாங்க, சொன்னேன்."

இப்போதாவது டிரைவர் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை.

சூப்பர்வைசர் அலமாரியில் இருந்த ஸ்டாண்டுகளை ரசித்துக்கொண்டே வந்தார். பின்வரிசையில் சில, சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றை அடியில் பிடித்து எடுத்தார். விளிம்பு கடித்துத் துப்பியதுபோல் இருந்தது. கோட்டின் இரு நுனிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே விலகிப் போயிருந்தன.

"இது யார் வெட்டினது?"

டிரைவரின் கண் ஒரு கணம் சமையலறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. உண்மையைச் சொன்னால் வேலை தப்பிக்கும்.

"அதுவும் நான்தான் சார்," என்றார் மெதுவாக. "என்னிக்காவது கை அப்படி ஆயிடும்."

சூப்பர்வைசரின் முகம் மாறியது. "அப்படி ஆன அன்னிக்கும் வண்டி எடுத்தீங்களா?"

"அதானே பார்த்தேன்," என்றாள் அக்கா.

சூப்பர்வைசர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"சாவியைக் குடுங்க."

டிரைவர் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து நீட்டினார். நீட்டிய கை கொஞ்சமும் நடுங்கவில்லை. சூப்பர்வைசர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு சாவியை வாங்கினார்.

கதவோரத்திலிருந்து மனைவி முன்னால் வந்தாள். சுற்றியிருந்த துண்டைப் பிரித்துப் போட்டு, இரண்டு கைகளையும் எல்லோரும் பார்க்கும்படி நீட்டினாள். பத்து விரலும் வெடவெடவென்று ஆடின.

"சாவியை அவர்கிட்டயே குடுத்துடுங்க சார். அந்தக் கோணல் கோடு நான் போட்டது. பாட்டிலைக் காலி பண்றதும் நான்தான். அவரு வெட்டறது மட்டும்தான்."