ஒரே குழாய்

“பின்னாடி இன்னொரு குழாய் இருக்கான்னு கேட்டா என்ன சொல்லுவே?”

“எந்தக் குழாய்னு கேப்பேன்க்கா.”

“போச்சு! அப்படிக் கேட்டாலே ரெண்டு இருக்குன்னு ஆயிடுதே! ‘ஒரே குழாய்தான் சார், அது சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகுது.’ எங்கே, சொல்லு.”

அவள் சொன்னாள். பாதியிலேயே நாக்குக் குழறியது.

ஜீன்ஸ் துணிகளைத் துவைத்து வெளுக்கும் பிரிவு அது. அக்காதான் சூப்பர்வைசர். மாலை வகுப்புக்குப் போய்ப் படிப்பதால், அவளிடம் பாடம் கேட்கும் இந்தப் பெண்ணை எல்லோரும் ‘காலேஜ்’ என்றே கூப்பிடுவார்கள். துணி வாங்கும் பெரிய கம்பெனியின் ஆய்வாளர் இன்று வந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பார் என்று காலையில்தான் மேனேஜர் அறிவித்திருந்தார். அதற்குள் எல்லோருக்கும் புதுக் கையுறை வந்துவிட்டது. ‘லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்’ என்று ஒரு பலகை சுவரில் ஏறிவிட்டது. அதன்மேல் இருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “இங்கே பாரு காலேஜ், வீட்டுல அவரு படுத்த படுக்கையா கெடக்காரு. இந்த வயசுல எனக்கு எவன் வேற வேலை குடுப்பான்? நீ எதையாவது உளறி என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுடாதே. உண்மை பேசறதெல்லாம் பரீட்சையில வச்சுக்கோ.”

“சரிக்கா.”

முதல் ஆளாக அக்காவையே கூப்பிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். போன யாரும் பிரிவுக்குத் திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை? யாராவது மாட்டிக்கொண்டார்களா? கடைசியில் அவள் மட்டும்தான் மிச்சம். ஒரே குழாய், ஒரே குழாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கையுறைக்குள் உள்ளங்கை வேர்த்து வழிந்தது.

அறையில் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். குரல் மென்மையாக இருந்தது.

“உக்காருங்கம்மா. பயப்படாதீங்க. நீங்க சொல்றது இந்த நாலு சுவத்தைத் தாண்டாது. ஓவர்டைம் விருப்பப்பட்டுத்தான் பாக்கறீங்களா?”

“ஆமா சார்.”

“கையுறை தினமும் குடுக்கறாங்களா?”

“குடுக்கறாங்க சார்.”

“கொஞ்சம் கழட்டுங்க.”

கழற்றினாள். நகக்கண்ணில் ஏறியிருந்த நீலம் எந்தச் சோப்புக்கும் போகாதது. இரண்டு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

“சாயத் தண்ணி எங்கே போகுது?”

“ஒரே...” அக்காவின் முகம் கண்முன் வந்தது. கூடவே தன் தெருப் பிள்ளைகளின் கால்களும் வந்தன. “ரெண்டு குழாய் இருக்கு சார்.”

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். “ரெண்டா?”

“ஒண்ணு தொட்டிக்குப் போகுது. அது நீங்க வந்தாத்தான் ஓடும். இன்னொண்ணு பின்னாடி வாய்க்காலுக்குப் போகுது. அந்த வாய்க்கால் எங்க தெருவழியாத்தான் சார் வருது. எங்க பிள்ளைங்க காலெல்லாம் புண்ணு.”

“அரசாங்கத்துலருந்து யாரும் வந்து பாக்கறதில்லையா?”

“தண்ணி பாக்கன்னு ஒருத்தர் வருவாரு. தண்ணியை மட்டும் பாக்க மாட்டாரு. மேனேஜர் ரூம்ல டீ குடிப்பாரு, கவரை மடிச்சுப் பையில வச்சுக்குவாரு, போயிடுவாரு. ஓவர்டைமும் விருப்பம் இல்லை சார். மாட்டேன்னா மறுநாள் கேட்லயே நிறுத்திடுவாங்க. என் வகுப்பு பாதி போச்சு. இதையெல்லாம் நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்கக்கா வேலை போயிடும்.”

அவர் தலையாட்டிக்கொண்டே போனை எடுத்தார். “மேனேஜர் சார், இதுவும் தேறலை.”

அவளுக்குப் புரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். முகம் வெளுத்திருந்தது. நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

“ஏம்மா, படிக்கிற பொண்ணுதானே? சொல்லிக் குடுத்ததைச் சொல்ல முடியாதா? இவர் நம்ம ஆளு. இது ஒத்திகை. நாளைக்குத்தான் நெஜ ஆய்வு.”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். “சார்...”

“நாளைக்கு நீ வர வேண்டாம். லீவு.”

“சம்பளம்?”

“சம்பளத்தோடதான் லீவு. நம்மளுது நேர்மையான கம்பெனிம்மா.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “பின்வாசல் வழியா போ.”

பின்வாசல் குழாயடியில் அக்கா நின்றிருந்தாள். அவளைக் கண்டதும் காலேஜுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“மன்னிச்சிடுங்கக்கா. எல்லாத்தையும் உளறிட்டேன். அந்தாளு நம்ம மேனேஜரோட ஆளாம். நாளைக்கு எனக்கு லீவு குடுத்துட்டாங்க. உங்க வேலைக்கும்...”

அக்கா அவளையே முறைத்துப் பார்த்தாள். “உன்னைத் திட்டலாம்னுதான் பாக்கறேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திட்டறது?”

“ஏன்க்கா?”

“முதல்ல உளறினதே நான்தான்டி.”

அக்கா விலகி நின்றாள். பின்னால் சைக்கிள் கொட்டகையில் துவைப்புப் பிரிவு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோருக்கும் நாளைக்கு லீவு.

“போய்த் தூங்கு. காலையில நெஜ ஆய்வாளர் வண்டி வர்றப்ப எல்லாரும் கேட்டுக்கு வெளியே நிக்கறோம். கையுறை வேணாம்.”