முதலாவது கோரிக்கை

"ஆறுக்குக் கையெழுத்து வைச்சிட்டன். முதலாவதுக்கு மட்டும் என்னைக் கேளாதேங்கோ" என்று சொல்லிப் பேனையை மூடினார் அருமைராசா.

ஹோலில் இருந்த குழுவினர் ஐந்து பேரும் ஆளையாள் பார்த்தார்கள்.

அது, புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் வில்லரேப் பகுதியில் உருத்திரமூர்த்தியின் வீடு. தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வருகிற ஞாயிறு. சங்கத்துக்குள் முற்போக்கு அணி என்று ஒன்று இருக்கிறது. உருத்திரமூர்த்திதான் அதற்குப் பெரியவர். அந்த அணி கை காட்டுகிற ஆளுக்கு அறுபது வாக்கு விழும். அது விழுந்தால் வெற்றிதான்.

சும்மா கை காட்டுவார்களா? தலைவராக வருகிறவரிடம் நாங்கள் என்ன கேட்க வேண்டும் என்று இரண்டு மாதம் கூடிக் கதைத்து, ஏழு கோரிக்கை எழுதியிருந்தார்கள். தட்டச்சு செய்தது உருத்திரமூர்த்தியின் மகள் நிருஷா. ஒவ்வொன்றுக்கும் கீழே வேட்பாளர் கையெழுத்து வைக்க ஒரு கோடு.

மற்ற வேட்பாளர் முதல் நாளே வந்து, வாசிக்காமலே ஏழு கோட்டிலும் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் நிருஷாவின் மனம் அருமைராசாவில்தான். பஸ் ஓட்டுகிற மனிதர். யூனியன்காரர். புதிதாக வந்த எத்தனையோ பேரோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்.

அவர் ஒவ்வொன்றையும் வாசித்துத்தான் வைத்தார்.

"நிர்வாகத்திலை பாதிப்பேர் பொம்பிளையளோ? பாதியோடை ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று சிரித்தார்.

ஒருபால் விருப்பம் உள்ள பிள்ளைகளுக்கும் மண்டபக் கதவு திறந்திருக்க வேண்டும் என்ற ஐந்தாவது வந்தபோது, குழுவில் இருந்த யோகராசா இருமினார். அருமைராசா இருமவில்லை. "எங்கடை பிள்ளையள்தானே" என்று வைத்தார்.

இடையில் உருத்திரமூர்த்தியின் மனைவி நல்லம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். தட்டில் ஐந்து கோப்பை. அருமைராசாவுக்கு மட்டும் திரும்பிப் போய்த் தனியாகக் கொண்டுவந்தார். சீனி வருத்தக்காரராக்கும் என்று, தாளிலிருந்து தலை நிமிர்த்தாமலே நிருஷா நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் மிஞ்சியது முதலாவது. நிருஷா அதைச் சத்தமாக வாசித்தாள்.

"தலைவர் சாதி பார்க்கக் கூடாது. பார்ப்பவர்களைக் கண்டிக்கவும் வேண்டும்."

"இதிலை என்ன பிழை?" யோகராசா கேட்டார்.

"பிழை ஒண்டுமில்லை. வடிவா எழுதியிருக்கிறியள்."

"அப்ப வையுங்கோவன்."

"முதல் நீங்கள் ஐஞ்சு பேரும் வையுங்கோ. அதுக்குக் கீழை நான் வைக்கிறன்."

உருத்திரமூர்த்திக்கு முகம் கறுத்தது. "தலைவரா வரப்போறது நீரோ நாங்களோ?"

அருமைராசா தாளையும் பேனையையும் அவர் பக்கம் தள்ளினார்.

"அப்ப எங்கடை அறுபதும் உமக்கு இல்லை. விளங்குதோ?"

"ஓம், விளங்குது."

மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, எழும்பிக் குசினிக்குப் போனார். "நல்ல சாயம், தங்கச்சி. இஞ்சியும் தட்டிப் போட்டிருக்கிறியள்" என்று நல்லம்மாவிடம் சொல்லிவிட்டு, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு படியிறங்கினார்.

கதவு சாத்தும் மட்டும்தான் பொறுமை.

"பாத்தியளே? யூனியன், தொழிலாளர் எண்டு பெரிய கதை. சாதி எண்ட உடனை கை பின்னுக்குப் போகுது" என்றார் உருத்திரமூர்த்தி.

"உள்ளுக்குள்ளை எல்லாம் அப்பிடித்தான்" என்றார் யோகராசா.

நிருஷாவுக்குத்தான் தாங்க முடியவில்லை. இவருக்காகத்தானே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மாடி மாடியாக ஏறி வாக்குக் கேட்டாள்!

"பிள்ளை, எல்லாருக்கும் ஈமெயில் போடு. சாதி பாக்கிறவருக்கு எங்கடை ஆதரவு இல்லை எண்டு எழுது."

"எழுதிறன், அப்பா."

போனில் இரண்டு வரி தட்டிவிட்டு, கோப்பைகளையும் கோரிக்கைத் தாளையும் பேனையையும் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். நல்லம்மா சாமிப் படத்துக்கு முன்னால் நின்றார். கையில் தீப்பெட்டி. விளக்கு இன்னும் ஏற்றவில்லை.

"அம்மா, ஐஞ்சுதான் கிடக்கு. அவர் குடிச்சது எங்கை?"

நல்லம்மா குப்பைவாளியைக் காட்டினார். பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய பலூன் போட்ட கடதாசிக் கோப்பை ஒன்று அதற்குள் கிடந்தது.

"அந்த மனிசன் தானே கொண்டுவந்து போட்டுட்டுப் போறார், பிள்ளை. ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"அவருக்கு மட்டும் ஏன் இதிலை குடுத்தனீங்கள்? கோப்பை காணாதோ?"

"ஆறும் கிடந்தது."

"அப்ப?"

நல்லம்மா குரலைத் தாழ்த்தினார். "அப்பா காலமை ஊருக்குப் போன் எடுத்து விசாரிச்சவர், அவையள் எந்தக் கோயிலடி ஆக்கள் எண்டு. பேந்து என்னட்டை வந்து, எங்கடை கோப்பையிலை குடுக்காதை எண்டார். நானும் கடவுளுக்குப் பயப்பிடாமல் குடுத்திட்டன்."

நிருஷா போனை எடுத்தாள். எழுதத் தொடங்கியிருந்த ஈமெயிலை அழித்தாள்.

"நல்லம்மா!" ஹோலுக்குள்ளிருந்து உருத்திரமூர்த்தியின் குரல் வந்தது. "எங்கள் எல்லாருக்கும் இன்னொருக்காத் தேத்தண்ணி போடும்!"

"ஓம், கொண்டுவாறன்" என்றார் நல்லம்மா.

அலுமாரியைத் திறந்து, பலூன் போட்ட கடதாசிக் கோப்பைகள் ஐந்தை எடுத்துத் தட்டில் அடுக்கி ஊற்றினார். பக்கத்தில் அந்தக் கோரிக்கைத் தாளையும் பேனையையும் வைத்தார்.