பெரிய வீட்டு முகவரி

"பெரிய வீடு, மேலத்தெரு, சூரியமங்கலம், ஒரத்தநாடு வழி."

டேப்லெட்டில் அந்த முகவரியைப் படித்ததும் நெடுமாறனுக்குக் குடித்துக்கொண்டிருந்த காப்பி புரையேறியது. பக்கத்தில் இருந்த எழில்மொழி, "என்ன சார் ஆச்சு?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ஒண்ணுமில்லம்மா. அடுத்த பேட்ச்ல இளம்பரிதின்னு ஒருத்தன் வர்றான். எங்க ஊரு. அவனை நல்லா கவனிக்கணும்."

"ரொம்ப வேண்டப்பட்டவங்களா சார்?"

"ரொம்ப."

தனியார் வங்கி ஒன்றின் பயிற்சி அதிகாரித் தேர்வு அது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஓர் ஓட்டல் மாடியில் நடந்தது. காலையில் எழுத்துத் தேர்வு, அப்புறம் குழு விவாதம், மத்தியானம் நேர்காணல், சாயங்காலமே முடிவு. தேர்வாளர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். நெடுமாறன் சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி என்பதால் கடைசி வார்த்தை அவருடையது.

பெரிய வீடாம், பெரிய வீடு! இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நெடுமாறன் குடியிருந்த காலனிக்கு வரும் தபாலையெல்லாம் தபால்காரர் அந்த வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார். சேற்றில் இறங்கிக் காலனிவரை யார் நடப்பது? பெரிய வீட்டுக்காரர் மனசு வைத்தால் லெட்டர் கைக்கு வரும், இல்லாவிட்டால் இல்லை.

நெடுமாறனுக்கு வந்த முதல் இன்டர்வியூ லெட்டரை அந்த மனுஷன் தேதி முடிந்து நாலாம் நாள்தான் கொடுத்தார். "நீ போயிட்டா நாத்துக் கட்டை யாருடா தூக்குறது?" என்று சிரித்துக்கொண்டே வேறு கொடுத்தார். அதன்பிறகு இரண்டு வருஷம் நெடுமாறன் நாற்றுக் கட்டுத்தான் தூக்கினார். வேறு வேலை கிடைத்ததும் அம்மா அம்சத்தைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனவர், அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இப்போது ஆடு தானாகவே வந்து கசாப்புக்கடை வாசலில் நிற்கிறது. விடுவாரா மனுஷன்?

குழு விவாதத்தில், நடவுக்கு இயந்திரம் வந்தது நல்லதா கெட்டதா என்று தலைப்பு கொடுத்தார்கள். எல்லோரும் புள்ளிவிவரம் சொன்னார்கள். இளம்பரிதி மட்டும் வேறு மாதிரி பேசினான்.

"நாள் முழுக்கக் குனிஞ்சு நட்டவங்களால ராத்திரி மல்லாந்து படுக்க முடியாதுங்க, ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். அந்த இடுப்பு வலி தெரிஞ்சவங்க மெஷினை வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

எழில்மொழி ஒன்பது மார்க் போட்டாள். நெடுமாறன் பல்லைக் கடித்தார். வரப்பில் குடை பிடித்து நின்ற வம்சத்துக்கு இடுப்பு வலியைப் பற்றி என்ன தெரியும்? எங்கேயோ படித்துவிட்டு வந்து அளக்கிறான் பயல். இரண்டு மார்க் போட்டார்.

நேர்காணலில் அவர் கேட்ட முதல் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

"வீட்டுக்கு லெட்டரெல்லாம் ஒழுங்கா வருதா தம்பி?"

"வருது சார்."

"சரியான தேதிக்கு?"

"வருது சார்," என்று அவன் விழித்தான்.

"சரி, இந்த வேலை கிடைக்கலன்னா என்ன பண்ணுவே?"

அவன் தலைகுனிந்தான். "அடுத்த மாசத்தோட வயசு வரம்பு தாண்டுது சார். எனக்கு இதுதான் கடைசி சான்ஸ்."

நெடுமாறனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இதற்கும் இரண்டு மார்க் போட்டார்.

அவன் வெளியே போனதும் எழில்மொழிக்குப் பொறுக்கவில்லை. "இன்னைக்கு வந்தவங்கள்லயே இவர்தான் சார் பெஸ்ட். ரெண்டு மார்க்கா?"

"வாய்தாம்மா இருக்கு, விஷயம் இல்ல."

"இன்னொரு தடவை யோசிங்க சார். அனுப்பிட்டா அப்புறம் ஹெட் ஆபீசே நெனச்சாலும் மாத்த முடியாது."

"தெரியும்," என்று சொல்லிப் பட்டனை அழுத்தினார்.

சாயங்காலம் பதினோரு பேர் பட்டியல் சுவரில் ஏறியது. தேறியவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். இளம்பரிதி பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று தடவை படித்துவிட்டு, பைலை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினான்.

பழி வாங்கியது எதிராளிக்குத் தெரியாவிட்டால் அதில் என்ன ருசி இருக்கிறது? நெடுமாறன் பின்னாலேயே போய் அவனை நிறுத்தினார்.

"ஊருக்குப் போனதும் உங்க தாத்தாகிட்ட சொல்லு. அம்சம் மகன் நெடுமாறன்தான் உன்னை வெளியே அனுப்பினான்னு. லெட்டரை ஒளிச்சு வச்சாரே, அதே நெடுமாறன்."

அவன் கோபப்படவில்லை. அத்தனை வாட்டத்திலும் முகம் மலர்ந்தது.

"அந்த நெடுமாறன் சாரா நீங்க? எங்கப்பா உங்களைப் பத்தித்தான் சார் எப்பவும் சொல்வாரு. லெட்டரை மறைச்சும் அசராம ஜெயிச்ச மனுஷன், அவரை மாதிரி வரணும்டான்னு."

"உங்கப்பன் சொன்னானா? என்னடா, நக்கலா?"

"ஐயோ, இல்ல சார். பெரிய வீட்டுக்காரங்க வித்துட்டுக் கோயம்புத்தூர் போய் ஆறு வருஷமாச்சு. எங்கப்பா சிங்கப்பூர்ல பதினெட்டு வருஷம் கம்பி கட்டிச் சம்பாதிச்சு அந்த வீட்டை வாங்கினாரு."

நெடுமாறன் இன்னும் ஒரு படி இறங்கி அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அப்ப நீ...?"

"நாங்களும் காலனிதான் சார்."