கண்ணாடி, பத்திரம்

"ஏனுங்க, கண்ணாடி மட்டும் ஒடஞ்சுதுன்னா கல்யாண ஊட்டுல அபசகுனம்னு பேசுவாங்க. பாத்துக் கொண்டு போங்க" என்றார் கணேசன், பார்சலின் மேல் இன்னொரு அட்டையை வைத்து டேப் ஒட்டியபடி.

ராசு தலையாட்டிவிட்டு ஜெர்கின் ஜிப்பை ஏற்றிக்கொண்டார். குன்னூரில் காலையிலிருந்து விடாத மழை.

கணேசனின் போட்டோ பிரேம் கடையில் முன்போலக் கூட்டமில்லை. எல்லாருடைய படமும் போனுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. கண்ணாடிச் சாமான் என்றால் கூரியர்காரர்கள் வாங்குவதில்லை; வாங்கினாலும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரை போவதில்லை. அந்தப் பக்கம் வண்டியில் போகிற யாராவது எடுத்துப்போய்க் கொடுக்கிற இந்த ஆப் வந்த பிறகுதான் வெளியூர் ஆர்டர் ஏதோ கொஞ்சம் வருகிறது. அதுவும் நின்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

ராசுவுக்கும் வேறு போக்கிடம் இல்லை. வேலை பார்த்த டீ ஃபேக்டரி மூடிக் கிடந்தது. போன மாதம் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோன கேக் நசுங்கிவிட்டது. பிறகு ஊறுகாய் பாட்டில் கசிந்துவிட்டது. இன்னொரு புகார் வந்தால் பெயரை எடுத்துவிடுவோம் என்று ஆப்பில் செய்தி வந்திருந்தது.

"பூஞ்சை புடிச்ச பழைய படமுங்க. கண்ணு மூக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல பாதி நானே வரஞ்சேன்" என்று பார்சலைத் தட்டிக் காட்டினார் கணேசன். "அதுசரி, ஆப்புல உங்க போட்டோ இருக்கற எடம் காலியா கெடக்குது. நா ஒண்ணு எடுத்துப் போடட்டுமுங்களா? மூஞ்சியப் பாத்தா ஜனங்க நம்பிக் குடுப்பாங்க."

"வேணாங்க."

"ஏனுங்க?"

"எம்மூஞ்சிய யாரு பாக்கப் போறா? ஓவேலிய விட்டு வந்தன்னைக்கே அதெல்லாம் முடிஞ்சு போச்சு."

குந்தா வரை மூடுபனி. ஒரு வளைவில் மேலிருந்து சரிந்த சேறு சாலையில் பரவிக் கிடந்தது. பைக் வழுக்கியதும் ராசு முன்னால் வைத்திருந்த பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார். பேண்ட் கிழிந்து ரத்தம் வந்தது. முதலில் பார்சலை அசைத்துப் பார்த்தார். சத்தமில்லை. பிறகுதான் எழுந்தார்.

லைன் வீடுகளில் கடைசி வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மருதாணிக் கையோடு கல்யாணப்பெண்ணே ஓடிவந்தாள்.

"ஐயோ, விழுந்துட்டீங்களா ஐயா? உள்ள வாங்க. மாப்பிள்ளதான் ஆப்புல ஆர்டர் போட்டாரு. இந்த மழையில எங்க வரப்போகுதுன்னு இருந்தேன்."

"கண்ணாடி நல்லா இருக்கான்னு பிரிச்சுப் பாத்துக்கம்மா." ராசு ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாங்கினவங்க பேரு போடணும்."

"மனிஷா."

ராசுவின் விரல் போன் மேல் கொஞ்சம் நின்றது. எழுத்துக்கூட்டிப் போட்டு முடிப்பதற்குள் அவள் அட்டையைப் பிரித்துவிட்டாள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அதற்குள் தொளதொளத்த வெள்ளைச் சட்டையில், சிரிக்கத் தெரியாத ஓர் இளைஞன்.

ராசு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எங்கப்பா" என்றாள் மனிஷா. "நா கைக்கொழந்தயா இருக்கறப்ப ஓவேலிக் காட்டுக்கு வெறகுக்குப் போனவர யானை அடிச்சுருச்சாம். ஒடம்புகூடக் கெடைக்கலன்னு அம்மா சொல்லுவாங்க. நாளைக்குத் தாலி கட்டுறப்ப அப்பா பக்கத்துல இருக்கணும்னு எனக்கு ஆச."

"அம்மா... நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. ஒத்தையாளா கொழுந்து பறிச்சே என்னய நர்ஸுக்குப் படிக்க வெச்சாங்க." அவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "அம்மா, படம் வந்துருச்சு!"

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்த ராஜகுமாரி, ராசுவைக் கண்டதும் நிலைப்படியில் அப்படியே நின்றாள்.

"பாரும்மா, அப்பா மாதிரியே இருக்கா?"

ராஜகுமாரி படத்தைப் பார்க்கவில்லை; ராசுவைத்தான் பார்த்தாள். "அப்படியேதான் இருக்கு. உள்ள கொண்டு போயி வெளக்குப் பக்கத்துல வையி."

"ஐயா, டீ குடிச்சுட்டுத்தான் போகணும். மாப்பிள்ளகிட்டச் சொல்லி அஞ்சு ஸ்டார் போடச் சொல்றேன்" என்றபடி மனிஷா படத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ராசு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ராஜகுமாரி வாசலுக்கு வந்து கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"படத்துல இருக்கற ராசு போதும் எங்களுக்கு. நீங்க போயிருங்க."